பார்க்காமல் போன கடிதம்

கேட்டி, டெக்ஸாஸ்
16 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

வேலுமணி எழுதுவது. நான் சௌக்கியமாக இருக்கிறேன், என் கார்தான் சௌக்கியமாக இல்லை. நீ, மாமா, ரோஷினி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? நியூஜெர்ஸியில் பனி கொட்டுவதை டி.வி.யில் காட்டும்போதெல்லாம் எடிசன் பேரைச் சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கலன்று போன் செய்தால் இரண்டே நிமிஷத்தில் வைத்துவிட்டாய். மாமாவிடம் கொடு என்றேன், "தூங்கறாருடா" என்றாய். பகல் பதினொரு மணிக்கு மாமா தூங்குகிறாரா? நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் உங்கள் வீட்டில் இருந்த மூன்று மாதமும் காலை ஆறு மணிக்கு என் போர்வையை உருவிய மனுஷன் அவர். டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன் என்று டர்ன்பைக் ஹைவேயில் என்னைக் கதறவிட்டவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சரி, என் சேதிக்கு வருகிறேன். சிரிக்காதே. நான் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஆபீஸ் கிச்சனில் டப்பா கழுவிக்கொண்டே ஏதோ முனகினேன். பின்னால் நின்ற டோரத்தி என்கிற அம்மாள், "யூ ஆர் எ பேஸ்!" என்று கத்தினாள். திட்டுகிறாளோ என்று பயந்தே போனேன். அப்புறம்தான் புரிந்தது, என் அடிக்குரலுக்கு அந்தப் பெயராம். கோபிச்செட்டிபாளையத்தில் "எருமை கத்துது" என்று நீ சொன்ன அதே குரல்தான். செவ்வாய்க்கிழமைதோறும் இங்குள்ள ஒரு சர்ச் ஹாலில் பிராக்டிஸ். சாமி விஷயத்தில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடம் நீ வத்தி வைக்காமல் இருந்தால் போதும்.

ஒர்லாண்டோ டி லாஸோ என்று ஒருத்தர். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் மூனிச் அரண்மனையில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தவர். இந்த ஜூன் பதினாலாம் தேதியோடு அவர் போய்ச் சேர்ந்து சரியாக நானூறு வருஷம். அதற்காக ஒரு கச்சேரி. இரண்டாயிரம் பாட்டுக்கு மேல் எழுதியிருக்கிறார் அக்கா! எனக்கு ஒரு பாட்டுக்கே மூச்சு வாங்குகிறது.

மாமாவுக்கு என் வணக்கம். ரோஷினிக்கு ஒரு முத்தம், அவள் "யக்" என்பாள், பரவாயில்லை.

உன் தம்பி,
வேலுமணி


எடிசன், நியூஜெர்ஸி
2 பிப்ரவரி 1994

அன்புத் தம்பி வேலுமணிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பாட்டே போதும் என்று இருக்கிறாயா?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாள் ஆயிற்று, அதற்கே உனக்குப் புண்ணியம். குளிரில் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, பாலில் மிளகு போட்டுக் குடி.

மாமாவுக்கு முதுகு வலி. ஆபீஸ் போய் மூன்று வாரம் ஆகிறது. டிசம்பரில் அவருடைய கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. இவர் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் இனித் தேவையில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். வேலையை எடுக்கவில்லை, வேறு டிபார்ட்மென்டில் போட்டார்கள். இரண்டு நாள் போனார். அதற்கப்புறம் முதுகு வலி. பயப்பட ஒன்றும் இல்லை. கோபிக்கு எழுதிவிடாதே, அம்மா அங்கே சாப்பிடாமல் கிடப்பார்கள்.

அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், மூன்றாவது பில்டிங்கில் டாக்டர் வீடு. இண்டியன் ஸ்டோரில் என்னைப் பிடித்துக்கொண்டு, "செல்வராஜைக் கோயில்ல பாக்கவே முடியலயே, ஊர்ல இல்லயா?" என்றார்கள். ஆமாம், கலிஃபோர்னியா பிராஜெக்ட் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம்.

உன் லாஸோவைப் பற்றி ஒன்று கேட்கவா? ஒரே மனுஷன் இரண்டாயிரம் பாட்டு எழுதினால் எப்போது தூங்குவார்? ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டே இருந்தாரா? புத்தகத்தில் போட்டிருந்தால் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்பு அக்கா,
வசந்தாமணி


கேட்டி
13 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது? தரையில் படுக்கச் சொல், அந்த வாட்டர் பெட் வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்.

லாஸோ தூங்கினாரா என்று டோரத்தியிடம் கேட்டேன். முப்பது வருஷமாகக் குழு நடத்துகிறாளாம், இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லையாம். "ஹூ ஈஸ் யுவர் சிஸ்டர்?" என்றாள். உனக்காகவே ஒரு பெரிய புத்தகம் கொடுத்தாள். தூக்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, மற்றது எல்லாம் இருக்கிறது.

சின்ன வயதில் அவர் குரல் அவ்வளவு நன்றாக இருக்குமாம். பாட்டுக்காக அந்தப் பிள்ளையை மூன்று தடவை கடத்திக்கொண்டு போனார்களாம். அது நிஜமா கட்டுக்கதையா என்று புத்தகத்துக்காரருக்கே சந்தேகம்தான். என் குரலுக்கு யாரும் என்னைக் கடத்தமாட்டார்கள், நீ நிம்மதியாக இரு. இருபத்தொன்றோ இருபத்திரண்டோ வயதில் ரோமில் பெரிய சர்ச்சில் பாட்டுக்குத் தலைவர். அப்புறம் மூனிச். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் ஒரே அரண்மனையில் உத்தியோகம். லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன் என்று நாலு மொழியிலும் பாட்டு. சாமி பாட்டும் எழுதினார், குடிகாரன் பாட்டும் எழுதினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய கடிதங்கள்தான். இளவரசருக்கு எழுதுவாராம். ஒரே வரியில் நாலு மொழியையும் கலந்து ஒரே கிண்டல், கேலி, கூத்து. நம் ஆட்கள் தமிழில் ஆரம்பித்து, "ஐ மீன்" என்று இங்கிலீஷுக்குத் தாவுவார்களே, அந்த மாதிரி. படிக்கும்போதே நம் மாமாவை நினைத்துக்கொண்டேன். கார்டு டேபிளில் மாமா பேச ஆரம்பித்தால் ஹால் முழுக்கச் சிரிக்குமே.

கடைசிக் காலத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லாமல் போயிற்றாம். அதை விடு, எல்லோருக்கும் வருகிறதுதான்.

என் கம்பெனி என்னை லூசியானா பக்கம் ஒரு எண்ணெய்க் கிணற்றுக்கு அனுப்புகிறது, ஒரு மாதம். பதில் தாமதமானால் கோபிக்காதே.

தம்பி,
வேலுமணி


எடிசன்
20 பிப்ரவரி 1994

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

விடு என்றால் என்ன அர்த்தம்? கடத்தினதையும் கூத்தடித்ததையும் மூன்று பக்கம் எழுதத் தெரிகிறது. மனசு சரியில்லை என்பதை மட்டும் ஒரு வரியில் முடித்துவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் போய்விட்டாய். மனசு சரியில்லை என்றால் எப்படி? பேசமாட்டாரா? சாப்பிட்டாரா? ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாரா? எவ்வளவு நாள் அப்படி இருந்தார்? அப்புறம் சரியாகிவிட்டாரா? அவர் பெண்டாட்டி என்ன செய்தாள்? இதெல்லாம் புத்தகத்தில் இருக்குமா இருக்காதா?

மாமாவுக்குப் பரவாயில்லை. நேற்றுப் பனியில் காரைத் துடைக்கிறேன் என்று கீழே போனார். ஒரு மணி நேரமாக ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், எஞ்சின்கூடப் போடவில்லை. கண்ணாடி மேல் பனி மூடி உள்ளே இருட்டு. "ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க? வாங்க மேல" என்றேன். "வர்றேன் போ புள்ளே" என்றார். கையைத் தொட்டால் ஐஸ். முதுகு வலிக்குக் காரில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறதோ என்னவோ.

ரோஷினி என்னைக் கேட்கிறாள், "ஈஸ் அப்பா மேட் அட் அஸ்?" என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னவென்று சொல்வேன். அப்பாவுக்குக் கோபம் இல்லை, டயர்டு என்றேன்.

இனிமேல் போன் பண்ணாதே. போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் அவர் இருக்கிறார். கடிதமே எழுது. நான் கேட்டதற்குப் பதில் எழுது.

அக்கா


கேட்டி
27 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுத்தான் திரும்பினேன். ஒரு மாதமாகச் சேறும் கொசுவும்தான். உன் கடிதம் மெயில் பாக்ஸில் பிட்சா விளம்பரத்துக்கு நடுவில் கிடந்தது. அம்மா தாயே, இத்தனை கேள்வியா! கோபி ஆர்ட்ஸ் காலேஜில் நீ இப்படிக் கேள்வி கேட்டிருந்தால் யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வந்திருப்பாய். உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி இருக்கிறது? மாமா ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டாரா?

கேட்டுக்கொள். சாவதற்கு மூன்று நாலு வருஷம் முன்னால் அவருக்குச் சித்தம் கலங்கியது போல் ஆகிவிட்டதாம். அத்தனை கிண்டல் பேசிய ஆள் அப்புறம் சிரிக்கவே இல்லை, எப்போதும் சாவைப் பற்றியே பேச்சாம். ஆனால் பார், பாட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை! சாவதற்கு மூன்று வாரம் முன்னால்கூட ஏழு குரலுக்கு இருபத்தொரு பாட்டு எழுதி முடித்து போப்பாண்டவருக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். ஏசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காலமெல்லாம் அழுத சீடனுடைய கதை அது. எங்கள் கச்சேரியில் அதிலிருந்து இரண்டு பாடுகிறோம்.

இதையும் கேள், இதுதான் உச்சம். அரண்மனையில் செலவைக் குறைக்க வேண்டும் என்று அவரை வேலையை விட்டு நீக்க முடிவு செய்தார்களாம். முப்பத்தெட்டு வருஷ உத்தியோகம்! அந்த முடிவைக் கடிதமாக எழுதிய அன்றைக்கே மனுஷன் கண்ணை மூடிவிட்டார். அந்தக் கடிதத்தை அவர் பார்க்கவே இல்லை. கொடுத்து வைத்த மனுஷன் அக்கா. கடைசி வரைக்கும் தனக்கு வேலை இருக்கிறது என்ற நினைப்போடு போய்விட்டார். பிராக்டிஸில் டோரத்தி இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அவர் சம்சாரத்தைப் பற்றியும் ஏதோ இருக்கிறது. அது கொஞ்சம் அழுகாச்சி, நேரில் வரும்போது சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
வேலுமணி


எடிசன்
5 ஏப்ரல் 1994

என் கண்ணு வேலுமணிக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை சரியான நேரத்துக்கு வந்தது. அதுவே பழனியாண்டவர் செயல் என்றுதான் நினைக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், உன் பாட்டும் நன்றாக வர வேண்டும்.

அந்தக் கடிதத்தை அவர் பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். எனக்கு என்ன செய்வது என்று புரியாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ எழுதியதும் ஒரு வழி தெரிந்தது. உனக்கு இது புரியாது, புரிய வேண்டாம்.

ஒன்றே ஒன்று சொல். கம்பெனிகள் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். ஒருவர் பேருக்குக் கடிதம் அனுப்பி, அவர் அதைப் பார்க்கவே இல்லை என்றால், அது செல்லுமா? பார்க்காத கடிதத்துக்குக் கெடு ஏது? அந்த லாஸோ உயிரோடு இருந்து கடிதத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், அரண்மனையில் அவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள் இல்லையா?

சீக்கிரம் எழுது.

அக்கா


கேட்டி
10 ஏப்ரல் 1994

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

என்ன கடிதம்? யாருக்கு வந்தது? என்ன கெடு? நேற்று இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை ரோஷினி எடுத்தாள். "அம்மா ஈஸ் டூயிங் லாண்ட்ரி, அப்பா டஸன்ட் டாக்" என்றாள். அப்பா பேசுவதில்லை என்று அந்தப் பிள்ளை சொல்கிறது அக்கா, ஸ்கூல் லீவ் என்று சொல்கிற மாதிரி.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். தூங்கினாரா, சாப்பிட்டாரா, பேசினாரா. நான் என்ன மரமண்டை! நீ லாஸோவைப் பற்றியா கேட்டாய்? என் மேல் ஆணை, உள்ளதை அப்படியே எழுது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

வேலுமணி


எடிசன்
15 ஏப்ரல் 1994

தம்பி,

நீ நலமா? நாங்கள் நலமில்லை. இதை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பேஸ்மென்டில் லாண்ட்ரி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேதான் எல்லாக் கடிதமும் எழுதினேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் நான் அழுதாலும் வெளியே கேட்காது.

மாமாவுக்கு முதுகு வலி இல்லை. என்ன வலி என்று எனக்கும் தெரியவில்லை. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடிதான். தட்டில் போட்டு வைத்தது அப்படியே காய்கிறது. எப்போது கண்ணை மூடுகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆபீஸுக்கு நான்தான் போன் செய்து பேக் பெயின் என்று சொன்னேன். முதலில் சரி சரி என்றார்கள். அப்புறம் ஆபீஸ் பெண் ஒருத்தி, டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும் என்றாள். டாக்டரிடம் போகலாம் வாங்க என்றால் மாமா வரமாட்டேன் என்கிறார். "எனக்கு ஒண்ணுமில்ல, என்னை வுட்ரு" என்கிறார். போன மாதம் ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், "நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயி நிம்மதியா இருப்பீங்க புள்ளே" என்று. அன்றைக்கே கார் சாவியைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். அவர் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிரீன் கார்டு சம்பந்தமாக எது வந்தாலும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டு அவர்தான் பிரிப்பார், உனக்குத் தெரியுமே. இதை நானே பிரித்தேன். என் இங்கிலீஷில் புரிந்த வரைக்கும், மார்ச் 28-லிருந்து முப்பது நாளுக்குள் சர்டிஃபிகேட் வர வேண்டும் அல்லது ஆள் வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் விசா முடிந்தது, கிரீன் கார்டும் போயிற்று. இருக்கிற நிலைமையில் இதைப் பார்த்தால் அவர் என்ன செய்துகொள்வாரோ என்று எனக்கு உதறல். அதே நாள் உன் கடிதமும் வந்தது. கொடுத்து வைத்த மனுஷன், கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்று. எனக்கு அதுவே உத்தரவு மாதிரி இருந்தது. முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்க்கிறேன். இன்றோடு பதினெட்டு நாள் போயிற்று. அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி எதிரில் வந்தால் சந்து மாறிப் போகிறேன். மாமாவைப் பைத்தியம் என்று ஒருத்தர் வாய் சொல்லிவிட்டால் எடிசனில் ஆரம்பித்து ஈரோடு வரைக்கும் போய்விடும். நாளைக்கு ரோஷினியை யார் கட்டுவார்கள்? பிறந்த வீட்டில் புருஷனைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றுதான் உன்னிடமும் மறைத்தேன். என்னைத் திட்டாதே. எனக்குத் திட்டுத் தாங்காது.

மிஷின் நின்றுவிட்டது.

வசந்தா


கேட்டி
20 ஏப்ரல் 1994, புதன்

அக்கா, என் தெய்வமே,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. உன்னை எதற்குத் திட்டுவேன்? என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதை எக்ஸ்பிரஸ் மெயிலில் போடுகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். ஆபீஸில் லீவு கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்தரைக்கு நெவார்க்கில் இறங்குகிறேன். டாக்ஸி பிடித்துக்கொள்வேன், நீ அலையாதே.

நான் வருவதற்கு முன்னால் இதைப் படி. நான் ஒரு கிறுக்கன், சுவாரஸ்யமாக இருப்பதை மட்டும் எழுதினேன். அந்த லாஸோ கடிதத்தைப் பார்க்காமல் போனது செத்துப்போனதால் அக்கா. அதைப் போய்க் கொடுத்து வைத்தவர் என்று எழுதினேனே. நாங்கள் கை தட்டினோம் என்று வேறு எழுதினேன். உயிரோடு இருக்கிறவருக்குக் கெடு கெடுதான், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஏப்ரல் 27-க்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

அழுகாச்சி என்று நான் தள்ளிவிட்டேனே, அந்தப் பாகத்தை இப்போது எழுதுகிறேன். அவர் சம்சாரத்தின் பெயர் ரெஜினா. ஒரு நாள் வெளியூர் போய்விட்டு வீட்டுக்கு வந்தாளாம். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, என்னவோ உளறினாராம். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள். ஊரெல்லாம் மதித்த புருஷன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை அக்கா. நேரே அரண்மனைக்குப் போய் ஒரு இளவரசியிடம் நடந்ததைச் சொன்னாள். அந்த இளவரசி வைத்தியரை அனுப்பி வைத்தாள். அதனால் ஓரளவு தேறினார். பழைய சிரிப்பு வரவில்லை என்பது நிஜம். ஆனால் அந்த இருபத்தொரு பாட்டு அதற்கப்புறம் எழுதியது. ரெஜினா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் இன்றைக்கு அதைப் பாட முடியாது.

உனக்கு இளவரசி மூன்றாவது பில்டிங்கில் இருக்கிறாள். இன்றைக்கே போ. அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி நாலு வார்த்தை ஜாஸ்தி பேசுவார்கள், பேசட்டும். அவர்கள் வீட்டுக்காரர் டாக்டர். பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். ரோஷினியை யார் கட்டுவார்கள் என்று கேட்டாய். அவள் முதலில் மூன்றாம் கிளாஸ் போகட்டும்.

முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிற கடிதத்தை எடுத்து வை. சாவி டப்பாவிலேயே இருக்கட்டும்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அக்கா. தைரியமாக எழுதுகிற மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வேலுமணி


எடிசன்
23 ஏப்ரல் 1994, சனி, காலை

மாப்பிள்ளை வேலுமணிக்கு,

செல்வராஜ் எழுதிக்கொள்வது. உடல்நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சௌக்கியமா?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி வீட்டுக்காரர் தன் காரில் எங்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார், நீ வந்ததும் கையில் கொடுத்துவிடுவேன். முகத்துக்கு நேராக என்னால் இவ்வளவு பேச முடியாது. நீ காரில் உட்கார்ந்து படி, நான் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வசந்தா கீழே மிஷினில் துணி போட்டிருந்தாள். தட்டுகிறவன் போய்விடுவான் என்று உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. திறந்தால் தபால்காரன், கையெழுத்து வேண்டும் என்றான். எக்ஸ்பிரஸ் என்று பார்த்ததும் ஊரில் யாருக்கோ முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அவள் பேருக்கு வந்ததைப் பிரித்துவிட்டேன். தப்புத்தான்.

நின்றபடியே படித்தேன். அப்புறம் முருகன் படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் உன் மற்றக் கடிதங்களும் இருந்தன. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஜனவரிக்கு அப்புறம் நான் முழுசாகப் படித்தது அவைதான். அவள் எழுதியதை நான் பார்க்கவில்லை. உன் பதிலை வைத்தே அவள் என்ன கேட்டிருப்பாள் என்று தெரிந்துபோயிற்று. நான் தூங்கினேனா என்று டெக்ஸாஸில் கேட்டிருக்கிறாள். நான் பேசுவேனா என்று நானூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவரிடம் கேட்டிருக்கிறாள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்க முடியவில்லை. கேட்டாலும் நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் துணிக்கூடையோடு மேலே வந்தாள். என் கையில் கடிதங்களைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, படிச்சுட்டீங்களா, படிச்சுட்டீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனிக் கடிதத்தைப் பார்த்தால் நான் செத்துப்போவேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் நினைத்தது முழுக்கத் தப்பு என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த யோசனை எனக்கு இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய விரல்தான் என்னமோ செய்தது. கம்ப்யூட்டர் டைப் அடித்து அடித்து என் விரல் காய்த்த மாதிரி, துணி பிழிந்து பிழிந்து அது வெடித்துக் கிடக்கிறது. மிஷின் இருக்கும்போது எதற்குக் கையால் பிழிந்தாய் என்று கேட்டேன். கீழேயே இருக்கிறதுக்கு ஒரு சாக்கு வேண்டாமா என்றாள்.

நான்தான் போய் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசை. கூப்பிடவில்லை. அவள்தான் போனாள், நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். டாக்டர் சாயங்காலமே வந்து ஒரு மணி நேரம் என்கூட உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு அவருக்குத் தெரிந்த மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். சர்டிஃபிகேட்டைச் செவ்வாய்க்கிழமையே கம்பெனிக்கு ஃபேக்ஸ் செய்யலாம் என்கிறார். நேற்று ஆபீஸுக்கு நானே போன் செய்தேன். என் பெயரைச் சொல்வதற்கு மூன்று தடவை வாயைத் திறந்து மூட வேண்டியிருந்தது. அந்தப் பெண், 27-க்குள் பேப்பர் வந்தால் லீவாக எழுதிக்கொள்வோம், அப்புறம் வேலை இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். வசந்தா பக்கத்தில் நின்று ரோஷினியின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள், ஒரே பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள்.

எனக்குச் சரியாகிவிடும் என்று இன்னும் தோன்றவில்லை மாப்ளே. திங்கட்கிழமை போகிறேன் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் கடிதங்களை நேற்று மறுபடியும் படித்தேன். அவருக்குச் சித்தம் கலங்கியது, அவர் சிரிப்பை விட்டது, அவர் பாட்டு எழுதியது, அவருக்கு வைத்தியர் வந்தது, எல்லாம் இருக்கிறது. அரண்மனைக்குப் போய்ச் சொல்லிவிட்டு ரெஜினா வீட்டுக்குத் திரும்பி வந்தாளே, அதற்கப்புறம் அத்தனை வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் தூங்கினாளா? சாப்பிட்டாளா? வசந்தா அதைக் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. அந்தப் புத்தகத்தில் இருந்தால் பார்த்துச் சொல். நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
செல்வராஜ்